மணல், சேறு, கொதிக்கும் தெரு: கத்திரி வெயிலில் என் இருநூறு கிராம் ஷூ

அக்னி நட்சத்திரம் நடக்கும்போது கடலூரிலும் சிதம்பரத்திலும் இரண்டு நாளில் இருபது கிலோமீட்டர் நடக்க வேண்டிய அவசியம் எழுபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வேன் சீட்டுதான் காரணம்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் விடியற்காலை நடக்கும் குழு எங்களுடையது. பதினான்கு பேர். வருடத்துக்கு ஒரு முறை வெளியூர் போய் நடப்போம். இந்த ஆகஸ்டில் ஏற்காடு, மூன்று நாள். குழுத் தலைவர் பாலசுந்தரம் ஓய்வு பெற்ற பொறியாளர். நல்ல மனிதர்தான், ஆனால் மற்றவர்களால் எது முடியும், எது முடியாது என்பதையும் அவரே முடிவு செய்துவிடுவார். ஏப்ரல் கடைசியில் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது: பதிமூன்று பேர் நடை, மேடம் மட்டும் வேன். மேடம் என்பது நான்.

அவர் அப்படி எழுதியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன டிசம்பரில், என் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஷூவைப் போட்டுக்கொண்டு குழுவோடு நடக்கப் போனேன். மலையேறுகிறவர்களுக்கான ஷூ, ஒன்று நானூற்று எண்பது கிராம். நாலாவது கிலோமீட்டரில் குதிகால் தோல் உரிந்துவிட்டது. ஆட்டோவில் திரும்பினேன். பாலசுந்தரம் அந்த ஜோடியை லேசைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மீன் வாங்கி வருகிறவரைப் போல, ஆட்டோ வரைக்கும் வந்தார். மீதிப் பன்னிரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.

அறிவிப்பைப் படித்ததும் அவருக்குப் போன் செய்தேன்.

"சார், டிசம்பர்ல தப்பு ஷூவோடது. காலோடது இல்ல."

"உங்க நல்லதுக்குத்தான் மேடம் சொல்றேன். மலையில நெனச்ச எடத்துல ஆட்டோ கெடைக்காது."

"நடந்து காட்டினா?"

"காட்டுங்க. ரெண்டு நாள்ல இருபது கிலோமீட்டர். மணல், சேறு, கல்லு எல்லாம் வரணும். ஊர் விட்டு ஊர் போக பஸ் ஏறிக்குங்க. ஆனா நடக்கிற எடத்துல முடியலன்னு வண்டி ஏறினா வேன்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாட்சி வேணும். வசந்தாம்மாவைக் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

வசந்தா என் கணவரின் தங்கை. அறுபத்தாறு வயது, அவளும் எங்கள் குழுதான். என் கணவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் தங்கை என்னைக் கண்காணிப்பதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. வசந்தா பொய் சொல்லமாட்டாள். எனக்குச் சாதகமாகச் சொல்லவே மாட்டாள். சாட்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

முதலில் ஷூ. அரசு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். வாங்கும்போதே சோதிக்காமல் எதையும் வாங்கமாட்டேன். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில், மாலை ஆறு மணிக்கு மேல் போனேன். காலையில் இருக்கும் காலுக்கும் மாலையில் இருக்கும் காலுக்கும் வெயில் காலத்தில் அரை சைஸ் வித்தியாசம் உண்டு. மேலே முழுக்க வலைத்துணி, லேசுக்குப் பதில் இழுத்தால் நீளும் நாடா, நின்றபடியே காலை நுழைத்துக்கொள்ளலாம். விலை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன்: ஒரு ஷூ இருநூறு கிராம். பழையதில் பாதிகூட இல்லை. ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு சமைத்தேன். புது ஷூவை நேராக வெளியூருக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு என் அனுதாபம் கிடையாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாத சோதனை சோதனையே இல்லை. அதற்கு வசந்தா இருந்தாள். அவள் எப்போதும் நடப்பது நீல வார் வைத்த ரப்பர் செருப்பில். "ஒரே வழி, ஒரே வெயில், உன் செருப்பு ஒரு பக்கம், என் ஷூ ஒரு பக்கம்," என்றேன்.

"என் செருப்பு நூத்தி இருவது ரூபா அண்ணி. தோத்தா எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. உங்களுக்குத்தான்," என்றாள்.

முதல் நாள் காலை மஞ்சக்குப்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் தேவனாம்பட்டினம் போனோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வழக்கமான நேரத்தைத் தவிர்த்து, வேண்டுமென்றே வெயில் ஏறிய பிறகு ஏழு மணிக்குத் தொடங்கினோம். அங்கிருந்து கரையை ஒட்டியே வடக்கே தாழங்குடா வரைக்கும் நாலு கிலோமீட்டர் சொச்சம். நான் சேலையில்தான் நடப்பேன், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே. மெல்லிய பருத்திக் காலுறை, கூடவே பையில் இன்னொரு ஜோடி.

ஈர மணலில் ஷூவுக்குச் சிரமமே இல்லை. வசந்தாவின் செருப்பும் நன்றாகவே நடந்தது. காய்ந்த மணலுக்கு ஏறியதும் கதை மாறியது. ஒவ்வொரு அடிக்கும் அவள் செருப்பு ஒரு கைப்பிடி மணலை அவள் முதுகுக்கே எறிந்தது. "உன் ஜாக்கெட் பின்னாடி ஒரு கடற்கரையே இருக்குது," என்றேன். மகிழ்ச்சியாக இருந்தது, மறைப்பானேன்.

தாழங்குடாவில் படகு நிழலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் என் காலைப் பார்த்தார்.

"இன்னாம்மா, காலுக்கு வலை போட்டுகினு வந்துட்ட?"

"காத்து போறதுக்கு."

"காத்து போனா மணலும் போவும்மா. மீன் ஏதாச்சும் மாட்டுச்சா?"

வசந்தா சிரித்த சிரிப்பில் நாலு காகம் பறந்தது. ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மேசைக்கரண்டி பொடி மணல் விழுந்தது. இதுதான் இந்த வகை ஷூவின் முதல் குறை. எழுதாமல் விட்டால் நான் சோதித்தவள் இல்லை, விற்பவள். காலுறையையும் உதறி, மாற்று ஜோடியைப் போட்டுக்கொண்டு, தார்ச்சாலை வழியாகத் திரும்பினோம்.

பதினொன்றரைக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலம் பாலம் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையம் வரை. போன் முப்பத்தொன்பது டிகிரி என்றது. தாரில் நடக்கும்போது ஷூ எதையும் காட்டிக்கொள்ளவில்லை, நிற்கும்போதுதான் காட்டியது. பாலத்து முனையில் லாரிகளுக்காக இரண்டு நிமிடம் நின்றேன். அடிப்பாகம் மெல்லிசு என்பதால் சூடு மெதுவாக ஏறி உள்ளங்காலைத் தொட்டது. எடை குறைவாக வேண்டும் என்று கேட்டால் கொடுக்கிற விலை இது. நின்றால் நிழலில் நில்லுங்கள், நிழல் இல்லையென்றால் நிற்காதீர்கள்.

அன்றைய மொத்தம் பத்து கிலோமீட்டரும் இருநூறு மீட்டரும். வீட்டுக்கு வந்ததும் வசந்தா படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் இரண்டு காலையும் முக்காலி மேல் வைக்கச் சொன்னாள்.

"கட்டை விரல் செவந்திருக்குதே அண்ணி."

"அது மருதாணி. போன வாரம் வெச்சது."

"இந்த வயசுலயா?"

"கொப்புளம் இருக்குதா இல்லையா, அதைச் சொல்லு."

குதிகாலை விரலால் அழுத்திப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "இல்ல," என்றாள், அந்தச் சொல்லுக்குக் காசு கேட்பவளைப் போல.

இரண்டாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் பஸ். ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் ஆயின. இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிள்ளைக்கு டவுன் பஸ். கிள்ளையில் இறங்கிப் பிச்சாவரம் படகுத்துறை வரை நடப்பதாகத் திட்டம். சாலையிலேயே போனால் மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் பாலசுந்தரம் சேறு கேட்டிருந்தாரே. அதனால் இறால் குட்டைகளுக்கு நடுவே போகும் மண்வரப்பு வழியாகச் சுற்றிப் போனோம்.

மே மாதத்தில் எங்கே சேறு என்று நினைக்காதீர்கள். உப்பங்கழி ஓரத்தில் மேலே பாலாடை மாதிரி காய்ந்திருக்கும், காலை வைத்தால் கீழே கரும்பசை. என் வலது கால் கணுக்கால் வரை போனது. இழுத்தேன், ஷூவோடு வந்தது. பின்னால் ஒரு சத்தம். வசந்தாவின் கால் மட்டும் வெளியே வந்திருந்தது, செருப்பு வரவில்லை. குனிந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் செருப்பு வந்தது, வார் பிய்ந்துவிட்டது.

"நூத்தி இருவது ரூபா," என்றேன்.

"பேசாம ஒரு ஊக்கு குடுங்க அண்ணி."

சேலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். வாரின் குமிழைத் துளைக்குள் தள்ளி, அடியில் ஊக்கை மாட்டி, ஒரு தட்டு தட்டிப் போட்டுக்கொண்டாள். ஊக்கு மாட்டிய செருப்பில் நடக்கத் தெரியாதவர் நம் ஊரில் யார்? படகுத்துறைக்கு முன்னால் ஒரு அடிபம்பில் இரண்டு பேரும் காலைக் கழுவினோம். ஷூவைக் காலோடு சேர்த்தே கழுவினேன். வலைத்துணி என்பதால் தண்ணீர் வந்த வழியே போய்விட்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் முக்கால்வாசி காய்ந்தும்விட்டது. டிசம்பர் ஷூவாக இருந்தால் ஏற்காடு வரைக்கும் ஈரமாகவே வந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: படகுத்துறைக் கல் படிக்கட்டில் பாசி படிந்த கடைசி இரண்டு படியில் இந்த ஷூ வழுக்குகிறது. கைப்பிடியைப் பிடித்திருந்ததால் பிழைத்தேன்.

படகில் நாங்கள் ஏறவில்லை. படகில் போனால் நடை ஆகாது.

சிதம்பரம் திரும்பி, பஸ் நிலையத்திலிருந்து கீழ வீதிக்கு நடந்தபோது மணி பதினொன்று. அதுவரைக்கும் பதினாறு கிலோமீட்டர் சொச்சம் ஆகியிருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள நாலு தேர் வீதியும் ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தச் சுற்று, பிறகு பஸ் நிலையம், கடலூரில் இறங்கி வீடு வரை. கணக்கு இருபதைத் தாண்டிவிடும். நடை சாத்துவதற்குள் நடராஜரைப் பார்த்துவிடலாம் என்று வசந்தா சொன்னாள். சாட்சி கேட்டுவிட்டாள், மறுக்க முடியுமா?

கீழக் கோபுர வாசலில் செருப்பு விடும் இடம். அங்கிருந்த அம்மாள் என் ஷூவைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, உள்ள ஒண்ணுமே இல்ல போல இருக்குது," என்று பக்கத்துப் பெண்ணிடமும் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். நான் காலுறை இரண்டையும் மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, பையில் போட்டுக்கொண்டேன்.

"ஷூவுக்குள்ளயே வெச்சுட்டு வரதுக்கு இன்னா? அழுக்கு சாக்ஸை யார் தூக்கிக்கினு போவப் போறாங்க?" என்றாள் வசந்தா.

நான் படித்த கான்வென்டில், காலுறையை ஷூவுக்குள் திணித்துவிட்டு வரும் பெண்ணை சிஸ்டர் தாழ்வாரத்தில் நிற்க வைத்துவிடுவார். அறுபது வருடம் ஆகியும் என் கை அதைச் செய்யாது. "பழக்கம்," என்று மட்டும் சொன்னேன்.

வெளிப் பிராகாரத்துக் கருங்கல் அந்த நேரத்தில் அடுப்பு. நல்லவேளையாக நாங்கள் போன வழியில் நனைத்த சாக்கு விரித்திருந்தார்கள். உள்ளே குளுமை. சந்நிதியில் நின்றோம். வசந்தா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"அவுரு செருப்பில்லாம ஒத்தைக் கால்ல எவ்ளோ காலமா நிக்கிறாரு. நீங்க இருபது கிலோமீட்டருக்கு இவ்ளோ அலட்டிக்கிறீங்க."

"அவருக்கு யாரும் வேன் சீட்டு குடுக்கல," என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தப் போகிறார்கள் என்று ஒரே பரபரப்பு. கூட்டம் நகர்ந்த பக்கம் நகர்ந்து, பேசிக்கொண்டே ஒரு கோபுரத்தைத் தாண்டி வெளியே வந்து படி இறங்கினோம். செருப்பு விடும் இடத்தைக் காணோம். அந்த அம்மாளைக் காணோம். அவர் இருந்த இடத்தில் பூக்கடை இருந்தது.

"கடையை அந்தாண்ட மாத்திட்டாங்க போல," என்றாள் வசந்தா.

"ஒரு மணி நேரத்துலயா?"

சூரியனை வைத்துத் திசை பார்க்கலாம் என்று அண்ணாந்தேன். உச்சி வெயில், சூரியன் நேராக என் தலைக்கு மேல் இருந்தது. அதற்கும் திசை தெரியவில்லை. வாசலில் நின்ற ஆட்டோக்காரர் எங்கள் நாலு வெறுங்காலையும் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"செருப்பு கீழ வீதியிலயா விட்டீங்க? இது மேல வீதிம்மா. தெனம் பத்துப் பேரு இப்டிதான் வந்து நிக்கிறாங்க. ஏறுங்க, அம்பது ரூபா."

நாலு கோபுரம் உள்ள ஊரில் எந்தக் கோபுரத்தில் செருப்பை விட்டோம் என்பதை மறப்பது மற்ற ஊர்க்காரர்கள் செய்கிற தவறு என்று நான் நினைத்திருந்தேன். கடலூரிலிருந்து எத்தனை முறை வந்திருக்கிறேன்! வசந்தா அப்போதே ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டாள். அப்புறம்தான் ஞாபகம் வந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். நடக்கிற இடத்தில் முடியவில்லை என்று வண்டி ஏறினால் வேன்.

"செருப்பே இல்லாததுக்கு இது சேர்த்தி இல்ல அண்ணி. நான் சார்கிட்ட சொல்லிக்கிறேன்."

"நீ சொல்லுவ. அவர் டிசம்பரை ஞாபகம் வெச்சுக்கிட்டு கேப்பார்."

கோயிலுக்குள் திரும்பிப் போகலாமா என்று பார்த்தால், கூட்டத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விட்டாலும் இந்தப் பக்கத்துக் கருங்கல்லில் சாக்கு கிடையாது. மேல வீதியில் ஒரு அடி வைத்துப் பார்த்தேன். உடனே காலை எடுத்துக்கொண்டேன். பூக்கடை நிழலில் நின்றபோதுதான் கைப்பை ஞாபகம் வந்தது. பைக்குள் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் காலுறை. அதற்குக் கீழே மாற்று ஜோடி. ஆக இரண்டு ஜோடி.

பூக்காரப் பெண்ணிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு, நாலு காலுறையையும் நனைத்துப் பிழியாமல் போட்டுக்கொண்டோம். துவைத்த ஜோடியை வசந்தாவுக்குக் கொடுத்தேன். "அழுக்கு சாக்ஸ் யாருக்கு வேணும்னு கேட்டியே," என்று அப்போது சொல்லவில்லை. வடக்கு வீதி திரும்பிய பிறகு சொன்னேன்.

அரைச் சுற்று, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஈரக் காலுறை மூன்று நிமிடம் தாங்கியது. பிறகு கடை நிழலில் நின்று பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அடுத்த மூன்று நிமிடம். ஊருக்கு வந்த வரன் வீட்டாரைப் பார்ப்பது மாதிரி தெருவே எங்களைப் பார்த்தது. பின்னாலேயே மெதுவாக வந்த அதே ஆட்டோக்காரர், "இன்னாம்மா, சாக்ஸ் மாரத்தானா?" என்றார். வசந்தா அவரைப் பார்த்து, "ஜெயிச்சா உனுக்கு ஒரு ஜோடி தரேன், போப்பா," என்றாள். முப்பத்தாறு வருட உறவில் அவள் எனக்காக ஒருவருக்குப் பதில் சொன்னது இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

கீழ வீதியில் எங்கள் அம்மாள் அப்படியே இருந்தார். என் ஷூவும் அப்படியே இருந்தது. காலுறையைக் கழற்றி, காலைத் துடைத்து, நின்றபடியே நுழைத்தேன். அந்த நிமிடத்தில் அதற்கு இருநூறு கிராம்கூட எடை இல்லை.

சாப்பிடப் போனோம். சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். இரண்டு பேருக்கு நூற்று அறுபது ரூபாய். சிதம்பரம் வரை வந்து வேறு எதையாவது சாப்பிடுகிறவர்களை எனக்குப் புரியவில்லை. மீதி அரைச் சுற்று போனால் போதும் என்று நான் சொன்னபோது வசந்தா கொத்சுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அது எப்டி அண்ணி? சோதிக்கிறது ஷூவை. அந்த அரைச் சுத்துல ஷூ எங்க இருந்துச்சு? ஸ்டாண்டுல. நான் அதை எழுதமாட்டேன்."

கோபம் வந்தது. உடனே, அவள் சொல்வது சரி என்பதும் தெரிந்தது. பரிசோதனைக் கூடத்தில் மாதிரி மாறிவிட்டால் எடுத்த அளவைத் தூக்கிப் போடுவோம், எவ்வளவு நல்ல அளவாக இருந்தாலும். முதலிலிருந்து முழுச் சுற்று என்று ஒப்புக்கொண்டேன்.

மூன்று மணிக்குக் கீழக் கோபுர வாசலில் தொடங்கினோம். உள்ளங்கால் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஷூவுக்குள் கால் பரவி உட்கார இடம் இருந்தது. மாலையில் அளவு பார்த்து வாங்கியதன் பலன் அப்போது தெரிந்தது. தெற்கு வீதி முடிந்தது. மேல வீதியில் பூக்காரப் பெண் கை ஆட்டினாள். வடக்கு வீதி திரும்பும் இடத்தில் பின்னால் ஒரு சத்தம். ஊக்கு தெறித்துவிட்டது. துளையே கிழிந்துவிட்டது. இனி எந்த ஊக்காலும் ஆகாது.

வசந்தா பிய்ந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள், காலையில் பார்த்தவரைப் போலவே. செருப்புக் கடை தேடலாம் என்றேன். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்டாள்: "சாட்சி வண்டி ஏறக் கூடாதுன்னு சார் சொன்னாரா?"

சொல்லவில்லை. அந்த ஆட்டோக்காரரும் எங்களை விட்டுப் போகவில்லை, நாள் முழுக்க இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குக் காத்திருந்தவர் போல வந்து நின்றார். வசந்தா ஏறி உட்கார்ந்தாள். வடக்கு வீதி முழுக்க நான் நடந்தேன், எனக்குப் பக்கத்தில் என் வேகத்தில் ஆட்டோ ஊர்ந்தது.

"எம்மா, கொஞ்சம் வேகமா நடங்க. ரெண்டாவது கியர் போட முடியல, வண்டி சூடாவுது," என்றார் அவர்.

"நெழல்ல போங்க அண்ணி, வெயில்ல போறீங்க," என்று உள்ளிருந்து சாட்சி.

"வெயில்லதான் போகணும். அதுதான் சோதனை."

முதுகை நேராக வைத்துக்கொண்டு, வெயில் இருந்த பக்கமாகவே கீழ வீதி வரைக்கும் நடந்தேன். ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்த பெண்கள், ஆட்டோவில் இருப்பவருக்கு உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார்கள். "ஆமாம், கொஞ்சம் முடியல," என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய். ஆட்டோவுக்குள் வசந்தா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கீழ வீதியிலேயே ஒரு ஜோடி செருப்பு வாங்கி, பஸ் நிலையம் நடந்து, கடலூரில் இறங்கி வீட்டு வாசலைத் தொட்டபோது போனில் இருபது கிலோமீட்டரும் நூறு மீட்டரும், காலுறை நடையைக் கழித்துவிட்டு. முக்காலி மேல் காலை வைத்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தாள். உள்ளங்கால் சிவப்பு, அது தெருவின் வேலை. கொப்புளம் இல்லை. இந்த முறை மருதாணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதே மாதிரி போக நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். எடை குறைந்த வலைத்துணி ஷூ நம் வெயிலுக்கு மிக நல்லது. மணலில் மட்டும் அடிக்கடி கவிழ்க்க வேண்டும், பாசியில் நம்பக் கூடாது, சுடும் தாரில் நிற்கக் கூடாது. கடையில் வாங்கும்போது நடந்து பார்ப்பதைவிட, கழற்றிப் போட்டுப் பாருங்கள். இந்த இரண்டு நாளில் கோயில், சாப்பாட்டுக் கடை, தண்ணீர் கேட்ட வீடு என்று ஏழெட்டு இடத்தில் கழற்றினேன். குனிந்து லேஸ் கட்ட வேண்டிய ஷூவாக இருந்தால் கால் தாங்கியிருக்கும், இடுப்பு தாங்கியிருக்காது. வெயில் காலத்தில் பிச்சாவரத்தை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு ஊக்கு, மாற்றுக் காலுறை. சிதம்பரத்தில் செருப்பை விட்ட கோபுரத்தின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். காலுறையைப் பையில் வையுங்கள்.

மறுநாள் காலை கடற்கரையில் பதினான்கு பேரும் வந்திருந்தோம். பாலசுந்தரம் வசந்தாவிடம் கேட்டார், எல்லார் முன்னாலும்.

"நடந்தாங்க சார்," என்றாள் வசந்தா. "மணல், சேறு, கல்லு, தாரு, எல்லாத்துலயும். நான் கூடவே இருந்து பாத்தேன்."

"நடுவுல எங்கயாவது வண்டி?"

"ஏறினாங்க சார்."

பாலசுந்தரம் என்னைப் பார்த்தார், வருத்தமாகப் பார்ப்பதுபோல.

"அண்ணி இல்ல சார், நான். வடக்கு வீதியில ஏறினேன். ஏறினா வேன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த சீட்டை என் பேர்ல போட்டுடுங்க."

கடற்கரையே சிரித்தது. பாலசுந்தரமும் சிரித்துவிட்டார். அங்கேயே நின்று வாட்ஸ்அப்பில் மாற்றி எழுதினார்: மேடம் நடை. எனக்கும் வந்தது, மற்ற பதிமூன்று பேருக்கும் வந்தது. நான் வீட்டுக்குப் போய் மூன்று முறை படித்தேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு மேல் வசந்தாவை லாரன்ஸ் ரோட்டுக்கு அழைத்துப் போனேன். வேன் சீட்டே சௌகரியம்தான், எனக்கு ஷூ எதற்கு என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். என்னைவிட ஒரு சைஸ் பெரியது அவளுக்கு, நீல நிறம். நின்றபடியே காலை நுழைத்து, கடைக்குள் நாலு அடி போய்த் திரும்பி வந்தாள். ஒன்றைக் கழற்றிக் கையில் எடைபோட்டாள்.

"இதுல இன்னா அண்ணி இருக்குது? ஒண்ணுமே இல்ல," என்றாள். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்டில் ஏற்காட்டுக்கு வேன் வரும். அதில் எங்கள் பதினான்கு பேருடைய பைகள் ஏறி வரும்.